காதுக்காக வந்தவரிடம் காதைப் பற்றிப் பேசுங்கள்

அழகு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

என் இரண்டு காது மடல்களுக்குப் பின்னாலும் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. மடலை வளைத்துக் காட்டினால்தான் தெரியும். 29 வயதில் நானே முடிவெடுத்து, நானே சேர்த்த பணத்தில் செய்துகொண்ட அறுவை சிகிச்சை அது. 7 வருடம் ஆகிவிட்டது, ஒரு நாளும் வருந்தியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கடிதத்தில் உங்களில் சிலர் மேல் எனக்கிருக்கும் கோபமும் வரப்போகிறது. அதை மட்டும் படித்துவிட்டு, அழகு சிகிச்சையே கூடாது என்று சொல்கிறவள் இவள் என யாரும் நினைத்துவிடக் கூடாது.

எனக்குப் பிறவியிலேயே விடைத்த காது. மடலுக்குள் இருக்க வேண்டிய ஒரு மடிப்பு சரியாக விழாததால், மடல் தலையோடு படியாமல் வெளியே நீண்டு நின்றது. காது நன்றாகக் கேட்கும், அதில் எந்தக் குறையும் இல்லை. பள்ளியில் என்னென்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. 11 வயதிலிருந்து காதை மூடித்தான் தலை வாருவேன் என்று சொன்னால் போதும். காற்றடித்தால் கை தானாகக் காதுக்குப் போகும். நீச்சல் கற்றுக்கொள்ள அவ்வளவு ஆசை, போகவே இல்லை. புகைப்படம் எடுக்கும்போது யாராவது "முடியைக் கொஞ்சம் பின்னால் தள்ளு" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க எனக்கு எதுவும் ஓடாது. இப்படி 18 வருடம்.

முதலில் நான் போன கிளினிக்கில் வரவேற்பறையிலேயே ஒருவர் உட்கார வைத்துப் பேசினார். அவர் மருத்துவர் இல்லை. இந்த மாதத்துக்குள் முடிவு செய்தால் சலுகை உண்டு என்றார். அப்புறம் உள்ளே அனுப்பினார்கள். மருத்துவர் என் முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்துக் கணினியில் ஏற்றினார். மவுஸை லேசாக நகர்த்தினார், காதுகள் உள்ளே போயின. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். அவர் அதோடு நிறுத்தவில்லை. நான் கேட்காமலே என் தாடையை இழுத்து முன்னே கொண்டுவந்தார். "காதைச் சேர்த்துவிட்டால் முகம் ஒடுங்கும். அப்போது தாடை உள்வாங்கியிருப்பது இன்னும் நன்றாகத் தெரியும். இரண்டையும் ஒன்றாகச் செய்துவிடலாம்" என்றார்.

எனக்குத் தாடை என்று ஒன்று இருப்பதையே அதுவரை நான் யோசித்ததில்லை. அன்று இரவு இரண்டு கண்ணாடிகளைக் கோணமாகப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் தாடையைப் பார்க்க ஆரம்பித்தேன். 6 வாரம் இப்படிப் போனது. காது பற்றிய கவலையை நானே 18 வருடம் சுமந்து, எடை தெரிந்துதான் உங்களிடம் கொண்டுவந்தேன். தாடை பற்றிய கவலை ஒரே நிமிடத்தில் ஒரு மவுஸ் முனையிலிருந்து எனக்குள் வந்தது. அது என்னுடையதே இல்லை.

பிற்பாடு இந்தத் துறையின் வரலாற்றைப் படித்தபோது ஒரு பெண்ணின் கதை கண்ணில் பட்டது. 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், டிம்மி ஜீன் லின்ட்ஸி என்பவர் மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிப்பதற்காக ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனார். 6 குழந்தைகளுக்குத் தாய். ஃபிராங்க் ஜெரோ, தாமஸ் க்ரோனின் என்ற இரண்டு மருத்துவர்கள் அப்போது ஒரு புதிய பொருளைச் செய்து வைத்துக்கொண்டு அதை ஏற்கும் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மார்பகத்தைப் பெரிதாக்கிக்கொள்ள விருப்பமா என்று அவரிடம் கேட்டார்கள். அந்த எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. தன் விடைத்த காதுகளைச் சரி செய்தால் தேவலை என்றார். சரி, காதையும் சேர்த்துச் செய்கிறோம் என்றார்கள், அவர் ஒப்புக்கொண்டார். உலகில் முதன்முதலாகச் சிலிகான் மார்பகம் பொருத்தப்பட்டது இப்படித்தான்.

படித்த இடத்திலேயே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவர் தன் புதிய தோற்றத்தில் சந்தோஷமாகவே இருந்ததாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்டது காது, கொடுத்தது மார்பகம். உங்கள் துறையின் மிகப் பெரிய வியாபாரங்களில் ஒன்று, வந்தவர் கேட்காத ஒன்றை அவரிடம் ஒப்படைத்ததில் தொடங்கியிருக்கிறது. எத்தனை வருடத்துக்கு அந்தப் பொருள் தாங்கும் என்று அன்று யாருக்கும் தெரியாது. 1992இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அழகுக்காகச் சிலிகான் பொருத்துவதை நிறுத்தி வைத்து, 2006இல்தான் மறுபடி அனுமதித்தது. இவை ஆயுளுக்கும் நீடிப்பவை அல்ல என்பதையும், அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று வரும் வாய்ப்பு உண்டு என்பதையும் ஒவ்வொரு வரியாக நோயாளிக்கு விளக்கிக் கையெழுத்திட வாய்ப்புத் தர வேண்டும் என்ற கட்டாயப் பட்டியல் 2021இல்தான் வந்தது. 1962க்கும் 2021க்கும் இடையில் எத்தனை லட்சம் பெண்கள் அரைகுறை விவரத்தோடு கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி என் இரண்டாவது மருத்துவரைப் பற்றிச் சொல்கிறேன். உங்களில் நல்லவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது அவரால்தான்.

போனதும் அவர் கேமராவை எடுக்கவில்லை. "ஏன் இப்போது?" என்று கேட்டார். 18 வருடம் சும்மா இருந்துவிட்டு இந்த வருடம் என்ன நடந்தது என்று கேட்டார். யாராவது செய்துகொள்ளச் சொன்னார்களா, யாராவது விட்டுப் போனார்களா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் காதைப் பற்றியே நினைக்கிறீர்கள், முகத்தில் வேறு எது பிடிக்கவில்லை என்றெல்லாம் கேட்டார். கடைசிக் கேள்விக்குத் தாடை என்றேன். எப்போதிலிருந்து என்றார். 6 வாரமாக என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "தாடையை விடுங்கள்" என்றார். அந்த நிமிடம் தாடை என்னைவிட்டுப் போனது.

அந்தக் கேள்விகள் அன்று எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தன. என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறாரோ என்று தோன்றியது. காரணம் அப்புறம் புரிந்தது. உடலில் இல்லாத குறையை, அல்லது மிகச் சிறிய குறையைப் பெரிதாக எண்ணி மணிக்கணக்கில் வாடும் ஒரு மனநோய் இருக்கிறது. இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி 1891இலேயே அதை விவரித்திருக்கிறார். பொதுமக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பேருக்கு இது இருக்கிறது. உங்கள் காத்திருப்பு அறைகளில் அந்த விகிதம் பல மடங்கு. அவர்களுக்குக் கத்தி நிம்மதி தருவதில்லை. மூக்கு சரியானால் கவலை உதட்டுக்குப் போகும், உதடு சரியானால் நெற்றிக்குப் போகும். அதாவது முதல் மருத்துவர் மவுஸைப் பிடித்துக்கொண்டு எனக்குச் செய்ததை, அந்த நோய் தன்னிடம் சிக்கியவர்களுக்குத் தினமும் செய்கிறது. அப்படி ஒருவர் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால் அவரை அடையாளம் கண்டு வேறு மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது. நீங்களோ அவருக்குப் புதிதாக ஒரு குறையைச் சுட்டிக்காட்டினால் என்ன ஆகும்?

இரண்டாவது மருத்துவர் எனக்கு நல்ல படங்களை மட்டும் காட்டவில்லை. ஒரு காது கொஞ்சம் கூடுதலாக ஒட்டிப்போன படம், தழும்பு தடித்து மேடாக வளர்ந்த படம், ஒரு வருடத்தில் மடல் பாதி பழைய நிலைக்கே திரும்பிவிட்ட படம் எல்லாம் அவரிடம் இருந்தன. "இது என் கையால் செய்தது" என்று ஒன்றைக் காட்டினார். விளம்பரப் பலகைகளில் இவற்றை நீங்கள் போடுவதில்லை. அங்கே 'முன்' படத்தில் நேருக்கு நேராக வெளிச்சம், இறுக்கமான முகம், ஒதுக்கிய முடி. 'பின்' படத்தில் மெல்லிய வெளிச்சம், சிரிப்பு, ஒப்பனை. கத்தி செய்த வேலை எவ்வளவு, விளக்கு செய்த வேலை எவ்வளவு என்று பார்ப்பவருக்குப் பிரித்தறிய முடியாது. இதை நீங்கள் தெரிந்தேதான் செய்கிறீர்கள்.

2 வாரம் கழித்து வரச் சொன்னார். வராமல் போனாலும் சரி என்றார். வந்தேன்.

அறுவை சிகிச்சை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'சின்ன வேலை' என்ற சொல்லை நீங்கள் சர்வசாதாரணமாகப் பயன்படுத்துகிறீர்கள். மடலைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டார்கள். வலி இல்லை. சத்தம் இருந்தது. தடித்த அட்டையைக் கத்தி நுனியால் கீறுவது போல ஒரு சத்தம், வெளியே எங்கோ கேட்பதாக இல்லாமல் தலைக்குள்ளேயே கேட்டது. குருத்தெலும்பு அது. இந்தச் சத்தம் வரும் என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படாமல் படுத்திருந்தேன். பிறகு உள்ளே நிரந்தரத் தையல்கள் போட்டு, இல்லாத மடிப்பை உண்டாக்கினார். தலையைச் சுற்றி இறுக்கமான கட்டு, ஒரு வாரம். மல்லாந்து மட்டுமே தூக்கம்.

இரண்டாம் நாள் இரவு இடது பக்கம் மட்டும் வலி கூடியது. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வலித்தால் எந்த நேரமானாலும் கூப்பிட வேண்டும், தோலுக்கடியில் ரத்தம் கட்டினால் குருத்தெலும்பே செத்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கூப்பிட்டேன், வரச் சொன்னார். அந்த நேரத்தில் கட்டைப் பிரித்துப் பார்த்தார். பஞ்சு ஒன்று மடிந்து அழுத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இதற்கா இந்த நேரத்தில் என்று அவர் முகம் சுளிக்கவில்லை. புதுக் கட்டுப் போட்டு அனுப்பினார். மடலின் மேல் பகுதி 3 மாதம் மரத்தே கிடந்தது. தொலைபேசியைக் காதில் வைத்தால் ஏதோ வேறொருவர் காதில் வைத்தது போல இருக்கும். இதெல்லாம் முன்பே தெரிந்திருந்ததால் தாங்க முடிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் அழுதிருப்பேன்.

இங்கே மற்ற துறை மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2 வருடம் கழித்து உள்ளே போட்ட தையலின் முடிச்சு ஒன்று தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. இந்தச் சிகிச்சையில் இது நடப்பதுண்டு. என் மருத்துவர் அப்போது வெளியூரில் இருந்ததால் வேறொருவரிடம் போனேன். அவர் தழும்பைப் பார்த்துவிட்டு, "இருந்ததை இருந்தபடி விட்டிருக்கலாமே" என்றார். காலில் முள் குத்திப் போயிருந்தால், ஏன் நடந்தாய் என்று கேட்டிருப்பாரா? என்னைப் பார்த்து எழுதிய மருந்துச் சீட்டைவிட அந்தச் சொல்தான் நினைவில் நிற்கிறது. அழகு சிகிச்சை செய்துகொண்டவர்கள் பிறகு ஏதாவது தொந்தரவு வந்தால் வெளியே சொல்லாமல் மறைப்பது இப்படிப்பட்ட பேச்சுகளுக்குப் பயந்துதான். அதனால் புண் முற்றிப் போனவர்களும் இருக்கிறார்கள்.

இந்த ஏளனம் புதிதும் இல்லை. 1896இல் பெர்லினில் யாக்கோப் யோசப் என்ற இளம் மருத்துவரிடம் ஒரு தாய் தன் மகனை அழைத்துவந்தார். விடைத்த காது. மற்ற பிள்ளைகள் கேலி செய்வதால் பள்ளிக்குப் போக மறுத்தான். யோசப் காதைச் சரி செய்தார், நன்றாகவே வந்தது. ஆனால் வெறும் தோற்றத்துக்காகக் கத்தி வைத்ததைக் குற்றமாகப் பார்த்து, அவர் பணி செய்த மருத்துவமனையிலிருந்து அவரை வெளியேற்றினார்கள். 2 வருடம் கழித்து, தெருவில் எல்லோரும் வெறித்துப் பார்ப்பதால் வெளியே வரவே கூசிய ஒரு மனிதரின் மூக்கைச் சிறிதாக்கினார். உடலுக்குக் கிடைத்ததைவிட மனசுக்குக் கிடைத்த மாற்றத்தையே அவர் மருத்துவர்கள் சங்கத்தில் எடுத்துப் பேசினார். அந்தப் பையனின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அவன் என் சொந்தக்காரன்.

"கேலி செய்தவர்கள்தானே மாற வேண்டும், நீ ஏன் மாற வேண்டும்?" என்று என்னிடம் கேட்ட நண்பர்கள் உண்டு. நல்ல கேள்வி, நானும் நிறைய யோசித்திருக்கிறேன். யோசப்பிடம் மூக்கைத் திருத்திக்கொள்ள வந்தவர்களில் பலர் யூதர்கள். அந்த மூக்குகளில் என்ன குறை? பார்த்தவர்களின் வெறுப்புதான் குறை. அப்படியிருந்தும், நாளைக் காலை அதே தெருவில் நடக்க வேண்டிய ஒரு மனிதரிடம், உலகம் திருந்தும்வரை பொறுத்திரு என்று சொல்ல எனக்கு வாய் வராது. யாரும் சிரிக்காமலே இருந்திருந்தால் என் காதை மாற்றத் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதனால் என் ஆசை பொய்யாகிவிடாது. எந்த ஆசைதான் வானத்திலிருந்து விழுகிறது? பல்லுக்குக் கம்பி போட்டுக்கொள்பவரிடம் யாரும் இந்த விசாரணை நடத்துவதில்லை. வந்த ஆசையோடு எத்தனை வருடம் வாழ்ந்து பார்த்தோம், விவரம் தெரிந்து முடிவெடுத்தோமா, யாராவது அவசரப்படுத்தினார்களா என்பதைத்தான் நான் பார்ப்பேன். 16 வயதில் விட்டிருந்தால் முகத்தையே கழற்றிக் கொடுத்திருப்பேன். 29இல் காதை மட்டும் கொடுத்தேன்.

தேவைக்கான சிகிச்சை, ஆசைக்கான சிகிச்சை என்று கோடு கிழிப்பவர்களுக்கும் இந்தத் துறையின் வரலாறு உதவாது. பழைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையில் கிழிந்த காதுச் சோணையை ஒட்டுவதற்கு 15 முறைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. சோணை கிழிந்தால் உயிரா போகிறது? முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக 1917இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் ஹரால்டு கில்லிஸ் என்ற மருத்துவர் சிகிச்சை செய்யத் தொடங்கியபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதே கில்லிஸ் 1946 முதல் 1949 வரை மைக்கேல் டில்லன் என்ற திருநம்பிக்கு, அவர் தன்னை எப்படி அறிந்திருந்தாரோ அந்த உடலைத் தொடர் அறுவை சிகிச்சைகளில் அமைத்துக் கொடுத்தார். கை ஒன்றுதான். கண்ணாடியில் தெரிவதும் தான் என்று நினைப்பதும் ஒன்றாக வேண்டும் என்ற தவிப்பும் ஒன்றுதான்.

என் மருத்துவர் கேட்ட இன்னொரு கேள்வியை விட்டுவிட்டேன். "வீட்டில் வேறு யாருக்கு இந்தக் காது?" அவர் மருத்துவக் காரணத்துக்காகக் கேட்டார். அப்பாவுக்கு என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் குறை என்று வெட்டப் போவது அப்பாவின் காது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றே 4 நாள் யோசித்தேன். சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு ஆம்பளைன்னு யாரும் பெரிசா சொல்லலைம்மா. உனக்கு நிறைய சொல்லியிருப்பாங்க" என்றார். கட்டுப் பிரித்த பிறகு சில வாரம் இரவில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். பின்னால் முடிச்சுப் போட எனக்குக் கை எட்டாது. தினமும் அவர்தான் கட்டிவிட்டார். முகம் என்பது ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை, அதைக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள் என்பதை எந்தச் சம்மதப் படிவமும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேச நினைக்கும் நோயாளிக்கு 10 நிமிடம் கொடுங்கள்.

நான் கேட்பது புதிது எதுவும் இல்லை. பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் 2016இல் கொண்டுவந்த வழிகாட்டுதலில், அறுவை சிகிச்சை செய்யப் போகும் மருத்துவரே நோயாளியோடு பேசிச் சம்மதம் பெற வேண்டும், யோசிக்க நேரம் தர வேண்டும், ஆபத்தைச் சின்னதாக்கி விளம்பரம் செய்யக் கூடாது, சிகிச்சையைப் பரிசுப் பொருளாகத் தரக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. இங்கிலாந்தில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு அழகுக்காகச் சுருக்கம் போக்கும் போடாக்ஸ் ஊசியும், தோலுக்கடியில் நிரப்பும் ஃபில்லர் ஊசியும் போடுவதை 2021இல் சட்டத்தால் தடுத்தார்கள். ஃபில்லர் ஊசிதானே என்று நினைப்பவர்கள் நிறைய. மூக்கைச் சுற்றித் தவறிப்போய் ரத்தக் குழாய்க்குள் இறங்கினால் கண் பார்வையே போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும், வருகிறவருக்குத் தெரியாது. எந்த ஊரில் எந்தச் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இவற்றை நாளைக் காலை முதலே உங்கள் அறையில் நீங்கள் கடைப்பிடிக்க யார் தடுக்கிறார்கள்?

கட்டுப் பிரித்த பிறகும் பல மாதம் காற்றடித்தால் என் கை காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். எப்போது நின்றது என்று தெரியவில்லை. போன வருடம் நீச்சல் கற்றுக்கொண்டேன். ஈர முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு குளத்திலிருந்து ஏறி வரும்போது யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான், அதை எனக்குக் கொடுத்தது உங்களில் ஒருவர். தாடையை அவர் அன்று விடச் சொல்லியிராவிட்டால் இந்நேரம் நான் எத்தனையாவது மேஜையில் படுத்திருப்பேனோ.

அடுத்து உங்கள் அறைக்கு ஒருவர் வருவார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பல வருடமாக யாருக்கும் காட்டாத ஒன்றை, முடியை விலக்கியோ கையை எடுத்தோ காட்டுவார். அவர் காட்டும் இடத்தை மட்டும் பாருங்கள்.

நன்றியுடன்,
உங்களிடம் வந்துபோன ஒருத்தி